தொட்டிமண்ணில் ஈரம் நிற்கும் வகை: தேங்காய் நார்க்கழிவைப் பற்றி ஓர் அபிப்பிராயம்

சித்திரை பிறந்து பதினைந்து நாட்கள் கழிவதற்குள், தை மாதத்தில் கண்ணுக்கு விருந்தாயிருந்த மாடித்தோட்டங்கள் பல வறண்டு வெறுந்தொட்டிகளாய் நிற்பதைச் சென்னையிலும் கோயமுத்தூரிலும் ஆண்டுதோறும் காண்கிறோம். தண்ணீர் ஊற்றாமையால் செடிகள் மடிந்தன என்று எவரும் சொல்வதில்லை. காலையில் ஊற்றினோம், மாலையிலும் ஊற்றினோம், ஊற்றிய நீரெல்லாம் அடித்துவாரத்தின் வழியே ஓடிவிட்டது, மறுநாள் பார்த்தால் தொட்டி காய்ந்து கிடக்கிறது என்பதே எங்கும் கேட்கும் முறையீடு. முறையீடு நியாயமானதே. குறை பெரும்பாலும் ஊற்றுகிறவர் கையில் இல்லை. தொட்டிக்குள் இட்ட பொருளில் இருக்கிறது. அப்பொருளைக் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது எனது அபிப்பிராயம். அதனை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

2013-14-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டரசின் தோட்டக்கலை இலாகா, "நீங்களே செய்து பாருங்கள்" என்னும் பெயரால் நகரவாசிகளுக்கு மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கிற்று. செடி வளர்க்கும் பைகள், விதைகள், நுண்ணுயிர் உரங்கள் ஆகியவற்றுடன் அழுத்திக் கட்டியாக்கிய தென்னை நார்க்கழிவும் அத்தளையில் இருந்தது. மண்ணைச் சுமந்து மாடியேற வேண்டியதில்லை, தளத்திற்குப் பாரமில்லை, ஈரமும் தங்கும் என்ற மூன்று காரணங்களாலும் இது நல்ல தெரிவேயாகும். ஆயினும், நார்க்கழிவென்பது கட்டியை உடைத்து நீர்விட்டவுடன் விதை ஊன்றத்தக்க பொருளன்று என்பதை வாங்கினோரில் எத்தனை பேருக்கு எடுத்துரைத்தோம்? கட்டியைப் பையிலிட்டு, நீரூற்றி, ஊதிப் பெருத்ததும் அதன்மேலேயே கத்தரி நாற்றை நட்டு, இருபதாம் நாளில் இலை மஞ்சளாகக் கண்டு, "இது நமக்கு வராது" என்று கைவிட்டவர் அநேகர். ஒருமுறை கைவிட்டவரை மறுபடியும் தோட்டத்தின் பக்கம் திருப்புவது எளிதன்று.

முதலில் அப்பொருளின் இயல்பைச் சற்றுக் கவனிப்போம். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் தூளே நார்க்கழிவு. இதனையே கடைகளில் கோகோபீட் என்று விற்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, காங்கேயம் முதலிய இடங்களில் நார் ஆலைகளின் முற்றத்தில் முன்னாளில் இது மலைபோல் குவிந்து, எரிப்பதற்கும் உதவாமல் கிடந்தது. தூளின் ஒவ்வொரு துகளும் கடற்பஞ்சுபோல் நுண்ணிய அறைகள் நிறைந்தது. உலர்ந்த தூள் தன் எடையைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை நீரைப் பற்றி வைத்துக்கொள்ளும். 5 கிலோ எடையுள்ள கட்டி ஒன்று நீரை உண்டபின் ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர் கொள்ளளவுக்கு விரிவதை வீட்டிலேயே பார்க்கலாம். மேல்நாட்டார் நெடுங்காலமாகத் தொட்டிகளுக்குப் பயன்படுத்தும் சதுப்புநிலப் பாசிமக்கு முற்றும் உலர்ந்துவிட்டால் மீண்டும் நனைய மறுக்கும். நீர் அதன்மேல் உருண்டோடும். நார்க்கழிவோ உலர்ந்தாலும் அதனைவிட எளிதில் நனையும். அதிக வெயிலுள்ள நம் நாட்டிற்கு இந்தக் குணம் பெரிதும் ஏற்றது.

இவ்வளவு நற்குணமுள்ள பொருளுக்கு மூன்று தோஷங்களும் உண்டு.

ஒன்று உப்பு. தென்னை தன் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவற்றை மிகுதியாகச் சேர்த்து வைக்கும் மரம். மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் உப்பு இன்னும் கூடும். இத்தகைய தூளில் நட்ட செடி, சுற்றிலும் ஈரமிருந்தும் அதனை உறிஞ்சமாட்டாமல், இலைநுனி கருகி நிற்கும். வாட்டத்தைக் கண்டு மேலும் மேலும் நீரூற்றுவார்கள். நோய் வேறு, மருந்து வேறு. இரண்டாவது தோஷம் தழைச்சத்துக் குறைவு. கழுவாத பச்சை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. அதனைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இருபதாம் நாள் மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. மூன்றாவது, அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள். இளம் வேருக்கு அவை ஒவ்வா. நனைத்த தூளைப் பிழிந்தால் வடியும் செந்நீரே அதற்குச் சாட்சி.

இத்தோஷங்களை நீக்கும் வழி புதிதன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிப்பிக்காளானைக்கொண்டு நார்க்கழிவை மக்கச் செய்யும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்துத் தந்துள்ளனர். நிழலில் 100 கிலோ தூளைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி காளான் வித்தைத் தூவி, மேலே மற்றொரு 100 கிலோ தூளைப் பரப்பி, அதன்மேல் 1 கிலோ யூரியாவைத் தூவி, இவ்வாறே மாறிமாறி அடுக்கவேண்டும். 1 டன் தூளுக்கு 5 புட்டி வித்தும் 5 கிலோ யூரியாவும் செலவாகும். பிழிந்தால் நீர் சொட்டாமலும், தொட்டால் ஈரம் தெரியும்படியும் காத்துவந்தால் 60 நாட்களில் செந்தூள் கருந்தூளாக மாறிவிடும்; விகிதமும் ஏறக்குறைய 24-க்கு 1 என்னும் அளவுக்கு இறங்கும். நகரத்து வீட்டில் டன் கணக்குக்கு இடமேது என்று கேட்கலாம். 20 கிலோ தூளுக்கு 100 கிராம் யூரியா என்பது அதே கணக்குத்தான். பழைய பீப்பாய் ஒன்றும் மாடிப்படியின் கீழ் ஒரு மூலையும் போதும். யூரியாவை விரும்பாதவர் தொழுவுரக் கரைசலைத் தெளிக்கலாம். நாட்கள் சற்றுக் கூடும், அவ்வளவே.

மக்கவைக்கப் பொறுமையில்லாதவர் குறைந்தபட்சம் கழுவவாவது வேண்டும். தூளைச் சாக்கிலிட்டுத் தொட்டி நீரில் ஒருநாள் ஊறவைத்துப் பிழிந்து, நீரை மாற்றி, வடியும் நீர் ஏறக்குறைய நிறமற்றதாகும்வரை மும்முறை நான்முறை செய்தால் கரையும் உப்பின் பெரும்பகுதி போய்விடும். துகள்களோடு ஒட்டிநிற்கும் சோடியம் வெறுநீரில் எளிதில் போகாது. சுண்ணச்சத்து வந்தால்தான் இடம்விட்டு விலகும். நாற்றுப்பண்ணை வைத்திருப்போர் கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஊறவைப்பது இதற்காகவே. வீட்டுக்காரருக்கு அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. கழுவிய தூளுடன் நன்கு மக்கிய எருவும் சிறிது செம்மண்ணும் கலந்தால் பெரும்பாலும் போதும்.

கழுவிய நீரை என் செய்வது? சாக்கடையில் விடுவது வீண். தென்னைக்குப் பொட்டாசியமும் வேண்டும், குளோரைடும் வேண்டும். வீட்டில் தென்னை இருந்தால் அதன் பாத்தியிலேயே ஊற்றிவிடலாம். கிணற்றருகே மட்டும் ஊற்றலாகாது. இதனை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நார்க்கழிவைக் கழுவிய நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறதென்று பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர்கள் முறையிட்டு வந்ததும், 2021-ஆம் ஆண்டில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியதும் வாசகர் அறிந்தவையே. ஆலைக்காரருக்கு அது கஷ்டமாயிற்று என்பது உண்மை. கிணறு உவர்த்துப்போனவருக்கு அதனினும் பெருங்கஷ்டம். வீடுதோறும் சிறுகச்சிறுகக் கழுவி அந்நீரையும் தென்னைக்கு விட்டால் ஓரிடத்தில் உப்புக் குவிவதற்கு ஏதுவில்லை.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அயல்நாட்டுக்குக் கப்பலேறும் நார்க்கழிவு கழுவப்பெற்று, அதன் மின்கடத்து திறன் அளக்கப்பெற்று, அளவு சிட்டையில் எழுதப்பெற்றுப் போகிறது. வாங்குவோர் மீட்டருக்கு 0.5 டெசிசீமன்ஸுக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்று கேட்பது வழக்கம், கேட்டதைப் பெறுகிறார்கள். நம்மூர்க் கடையில் அதே கட்டியை வாங்கினால் உறையின்மேல் எடையும் விலையும் பச்சை இலைப்படமும் உண்டு. உப்பின் அளவு இராது. நானே ஒரு கடையில் "கழுவியது" என்று சொல்லக்கேட்டு வாங்கிய கட்டியில் கீரை விதைத்து, முளைத்ததில் பெரும்பகுதி நான்காம் நாளே தலைசாய்ந்ததைக் கண்டேன். பிறகு சோதித்தபோது அந்தத் தூள் கழுவப்பட்டதன் அடையாளமே இல்லை. டச்சுத் தோட்டக்காரன் கேட்டுப்பெறும் ஒரு வரி எழுத்தை மயிலாப்பூரிலுள்ள இல்லத்தரசி ஏன் கேட்டுப்பெறலாகாது? அரசு வாங்கி வழங்கும் கட்டிகளுக்கேனும் இந்நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்தால், கடைக்காரர் தாமே வழிக்கு வருவார்கள் என்பது என் நம்பிக்கை.

அதுவரையில் வாசகர் தாமே சோதித்துக்கொள்ள எளிய வழியுண்டு. ஒரு தட்டில் நனைத்த தூளையும் மற்றொரு தட்டில் நல்ல தோட்டமண்ணையும் பரப்பி, இரண்டிலும் ஐம்பது கடுகோ கீரைவிதையோ எண்ணித் தூவி ஒரு வாரம் பார்க்கவும். தூளில் முளைத்தவை குறைந்தும் நுனிகருகியும் இருந்தால் இன்னும் கழுவவேண்டும் என்று பொருள்.

இனி தொங்குதொட்டிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். தரையிலுள்ள தொட்டிக்கு வெயில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படும். தொங்குவதற்கோ அடியிலும் காற்று உண்டு. நார்விரிப்பிட்ட கம்பிக்கூடையானால் சுற்றுப்புறம் முழுவதுமே ஆவிவிடும் பரப்பு. அழகுக்காகச் சிறு கூடையையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். 20 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 6 லிட்டர் கொள்ளும். 30 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ளது 21 லிட்டர் கொள்ளும். விட்டம் ஒன்றரை மடங்கானால் கொள்ளளவு மூன்றே கால் மடங்குக்குமேல் கூடுகிறது. வெயில்படும் மேற்பரப்பு இரண்டேகால் மடங்குதான் கூடுகிறது. ஆகவே, ஈரங்காக்க முதற்செலவு எதுவென்று கேட்பவருக்குப் பெரிய தொட்டி வாங்குங்கள் என்பதே நான் சொல்லும் விடை. கொக்கி தாங்குமா என்று முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும். செம்மண் நனைந்தால் அதிகக் கனமாகும். நார்க்கழிவு கலந்தது அவ்வளவு கனக்காது. தொங்குவதற்கு மக்கிய நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் கால்பங்கு என்று நான் கலப்பது வழக்கம். தரைத்தொட்டிக்கு மூன்றும் சமபங்காயிருக்கலாம். கம்பிக்கூடையின் நார்விரிப்புக்கு உட்புறம் துளையிட்ட பழைய பாலிதீன் உறையொன்றை விரித்தால் பக்கவாட்டில் ஈரம் போவது பெரிதும் குறையும்.

ஆனால் ஈரம் தங்கவேண்டும் என்று சொல்லப்புகுந்து, அது மிஞ்சினால் வரும் கேட்டைச் சொல்லாமல் விடலாகாது. இதனை விளக்க ஒரு பஞ்சுக்கட்டி போதும். அதனை நீரில் தோய்த்துத் தட்டையாகப் பிடித்தால் சிறிதுநேரம் சொட்டி நின்றுவிடும். நின்றபின் அதையே நிமிர்த்திப் பிடித்தால் மறுபடியும் சொட்டும். உயரம் கூடியதால் நீர் கீழிறங்கிற்று. தட்டையாய் இருந்தபோது அந்நீர் உள்ளேயே நின்றது. தொட்டியிலும் அப்படியே. ஊற்றி வடிந்தபின்னும் அடியில் ஓரங்குலமோ ஈரங்குலமோ நீர் நிறைந்த பகுதி தங்கிநிற்கும். அதன் உயரத்தை நிர்ணயிப்பது உள்ளே இட்ட பொருளின் துகளேயன்றித் தொட்டியின் உயரமன்று. தூள் நுண்ணியதானால் அப்பகுதி உயரும். உயரங்குறைந்த தொங்குகூடையில் வேர்களில் பாதி அதற்குள்ளேயே அகப்படும். இதனாலேதான் ஒரே கூடை காலையில் அழுகும் சேறாகவும் மாலையில் வறண்ட பஞ்சாகவும் காண்கிறது.

அடியில் ஓட்டாஞ்சில்லிகளை மூன்றங்குலம் பரப்பினால் நீர் வடியும் என்று நம் பாட்டனார் காலந்தொட்டுச் சொல்லி வருகிறோம். நானும் பல்லாண்டுகள் அப்படியே செய்தேன். அது தவறு. நுண்துகளிலுள்ள நீர் பெருந்துகளுக்குள் எளிதில் இறங்காது. ஆகவே நீர்நிறைந்த பகுதி சில்லிகளுக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்குரிய இடமும் குறையும். துவாரத்தின்மேல் மண் கொட்டாதபடி ஒரு சில்லி கவிழ்த்தால் போதும். காற்றோட்டம் வேண்டுமானால் கலவை முழுவதிலுமே பருந்துகள் இருக்கவேண்டும். நகத்தளவு நறுக்கிய தேங்காய்மட்டைத் துண்டுகளை ஐந்தில் ஒரு பங்கு கலப்பது நான் கண்டவற்றுள் மலிவான உபாயம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இது மிகவும் அவசியம். சித்திரையில் செடியைக் காத்த அதே கலவை, வடகிழக்குப் பருவமழையில் இரண்டுவாரம் நனைந்தபடியே நின்றால் வேரை அழுகச் செய்துவிடும். அப்பருவத்தில் தொங்குதொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் மாற்றுவதும், தரைத்தொட்டிகளை இரண்டிரண்டு செங்கல்மேல் தூக்கிவைப்பதும் ஒருநாள் வேலை. தொட்டிக்கடியில் தட்டு வைப்போர் அதில் நீர் தேங்கவிடலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏழெட்டு நாட்களே போதும். தட்டில் மணலை நிரப்பி வைத்தால் ஈரமும் இருக்கும், கொசுவுக்கும் இடமிராது.

தண்ணீரைப் பன்மடங்கு உறிஞ்சும் மணிகள் என்று விற்கப்படும் இரசாயனப் பசைத்துகள்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் அவை தம் எடையைப்போல் சில நூறு மடங்கு ஊதுவது உண்மையே. கடைக்காரர் கண்ணாடிக் குவளையில் காட்டுவதும் அதனையே. நமது குழாய்க்கிணற்று நீரிலோ சுண்ணமும் மெக்னீசியமும் மிகுதி. உரங்கரைத்த நீரில் உப்பு மேலும் கூடும். இவற்றில் அத்துகள்களின் ஊதும் சக்தி வெகுவாகக் குன்றிவிடும். தொட்டிக்குள் மண்ணின் பாரமும் அவற்றை விரியவொட்டாமல் தடுக்கும். டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் மரநார்ப்பொருளை ஆதாரமாகக்கொண்டு செய்த பூசா ஹைட்ரோஜெல் என்பதை மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ வரை இடச் சொல்கிறார்கள். அதனை நான் குறைகூறவில்லை. அதன் களம் வேறு. பத்துத் தொட்டி வைத்திருப்பவர் அப்பணத்தை மண்புழு உரத்துக்கும் ஒரு பெரிய தொட்டிக்கும் செலவிட்டால் அதிகப் பலன் காண்பார்.

பணமே செலவாகாத மற்றொன்று மூடாக்கு. தொட்டியின் மேல்வாயில் இரண்டங்குலத்துக்குச் சருகோ, நிலக்கடலைத் தோலோ, நறுக்கிய தேங்காய்மட்டையோ பரப்பினால் வெயில் நேரே மண்ணில் விழாது. அதிசயம் யாதெனில், வயலில் மூடாக்கின் அருமையை மணிக்கணக்காகப் பேசும் நம்மவர் தொட்டியை மட்டும் திறந்த வாயோடு விட்டுவிடுகிறார்கள். சுட்ட மண்தொட்டி வைத்திருப்போர் அதனை இன்னொரு பெரிய தொட்டிக்குள் வைத்து இடைவெளியில் மணல் நிரப்பி நனைத்து வரலாம். பக்கவாட்டில் ஆவியாகும் நீர் செடியினுடையதாயிராமல் மணலினுடையதாகும். பெரிய தரைத்தொட்டியின் நடுவே வாய்மட்டும் தெரியும்படி சிறு மண்கலயத்தைப் புதைத்து நீர்நிரப்பி மூடிவைத்தால், மண் காயக்காய நீர் கசியும். சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்த முறை இது. கலயத்துக்கு வர்ணமோ மெருகோ பூசியிருத்தல் கூடாது.

ஏற்கெனவே காய்ந்து சுருங்கிய தொட்டிக்கு மேலிருந்து ஊற்றுவது பயனற்றது. மண்கட்டி சுவரைவிட்டு விலகியிருப்பதால் நீர் அந்த இடுக்கு வழியே இறங்கி ஓடிவிடும். அடியில் நீர் வருவதைக் கண்டு தொட்டி நனைந்ததென்று ஏமாறுகிறோம். வாளியில் நீர்நிரப்பித் தொட்டியை அரைமணி நேரம் அமிழ்த்தி, குமிழி நின்றபின் எடுத்து வடியவிடவேண்டும். நீர் தேவையா என்பதை அறிய விரலால் தோண்டவும் வேண்டியதில்லை. தொட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்தால் கனமே சொல்லும். ஒரு வாரப் பழக்கத்தில் கை தேர்ந்துவிடும்.

இவ்வளவும் எதற்கு, குழாயைத் திறந்தால் நீர் வருகிறதே என்று கேட்பவர் 2019-ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்திறங்கிற்று. குடிக்கக் குடம் ஏந்தி நின்ற தெருவில் தொட்டிச்செடிக்கு ஊற்றுவதற்கு யாருக்கு மனம் வரும்? அந்தக் கோடையில் சென்னை மாடிகளில் மடிந்த செடிகள் எண்ணிலடங்கா. அரிசி கழுவிய நீரையும் பாத்திரம் அலம்பிய முதல் நீரையும் கொண்டே சில வீடுகளில் செடிகள் பிழைத்திருந்தன. அங்கெல்லாம் பெரிய தொட்டியும், மக்கிய எருவும், மேலே சருகும் இருக்கக் கண்டேன்.

இலாகா அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். தளை வழங்கும் நாளில் மேசைக்கருகே ஒரு சாக்கும் ஒரு வாளியும் வைத்து, தூளைக் கழுவும் விதத்தையும் பஞ்சுக்கட்டிச் சோதனையையும் கால்மணி நேரம் செய்துகாட்டச் சொல்லவேண்டும். அச்சிட்ட துண்டுப்பிரசுரம் தளையின் உறையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. கண்ணால் கண்டது மறப்பதில்லை. இயன்றால் கட்டியாக அழுத்திய பச்சைத் தூளுக்குப் பதில் மக்கிய நார்க்கழிவையே வழங்கவேண்டும். அது கட்டியைப்போல் சிறிதாக மடங்காது, வண்டிக்கூலி கூடும் என்ற ஆட்சேபம் உண்டு. அந்தந்த ஜில்லாவின் அரசு தோட்டக்கலைப் பண்ணையிலேயே மக்கவைத்தால் அக்கூலியும் பெரிதாகாது.

ஆடிப்பட்டத்துக்குத் தொட்டிகளை நிரப்ப விரும்புவோர் சித்திரை இறுதிக்குள் தூளை வாங்கிக் கழுவி, வைகாசி முதல் வாரத்தில் நிழலில் அடுக்கிவிடவேண்டும். 60 நாட்கள் கழித்து, ஆடி பிறப்பதற்கு முன் எடுத்துச் சலித்து, எருவும் செம்மண்ணும் கலந்து, ஒரு வாரம் ஈரத்தோடு ஆறவிட்டபின் விதைக்கலாம்.